பத்துக் குச்சியைப் பிள்ளையே கட்டட்டும்

“பதின்மூன்று எழுது” என்றால் 103 என்று எழுதுகிற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். அது கவனக்குறைவு இல்லை. காதில் பத்தும் விழுகிறது, மூன்றும் விழுகிறது, பத்தை 10 என்று எழுதத் தெரியும், மூன்றை 3 என்று எழுதத் தெரியும், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். யோசித்துத்தான் செய்கிறார்கள். இதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் பத்துத் தடவை 13 எழுதிக் காட்டு என்று சொன்னால் அந்தப் பதின்மூன்று மட்டும் சரியாகும், பதினேழு வரும்போது மறுபடியும் 107 வந்து நிற்கும்.

நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தவற்றுக்கு நான் நம்பும் மருந்து ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும்தான். ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, முனை குத்தாமல் தரையில் தேய்த்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, இடப்பக்கம் கட்டுக்கு, வலப்பக்கம் உதிரிக்கு. பிள்ளை ஒரு கை அள்ளிப் போட்டு எண்ண வேண்டும், உதிரியில் பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி இடப்பக்கம் தள்ள வேண்டும், மிச்சம் வலப்பக்கமே கிடக்கும். ஒரு கட்டு, மூன்று உதிரி. கட்டுக்குக் கீழே 1, உதிரிக்குக் கீழே 3. அவ்வளவுதான் வேலை. இருபது வரும்போதுதான் சுவாரசியம், இரண்டு கட்டு ஆகிவிடும், வலப்பக்கம் ஒன்றும் இருக்காது, “இங்க காலியா இருக்கு டீச்சர், என்ன எழுத?” என்று யாராவது கேட்பார்கள். பூஜ்யம் எதற்கு என்று அதுவரை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. கட்டை நான் கட்டித் தர மாட்டேன். பத்துப் பத்தாகக் கட்டி வைத்த குச்சிகளைக் கொடுத்தால் நேரம் மிச்சம், வகுப்பும் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அந்தக் கட்டு என்பது ஒரு தடிமனான குச்சி மட்டுமே. அதற்குள் பத்து இருக்கிறது என்பதை யாரோ சொல்லித்தான் அது கேட்டுக்கொள்கிறது. தானே எண்ணி, ரப்பர் பேண்ட் வழுக்கி, குச்சிகள் சிதறி, திரும்பப் பொறுக்கும்போது ஒன்பதுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பாய்க்கு அடியில் போன ஒன்றைத் தேடியெடுத்துக் கட்டிய பிள்ளைக்கு உள்ளே பத்து இருக்கிறதா என்ற சந்தேகம் எந்தக் காலத்திலும் வராது. 21-லிருந்து நாலு எடுக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை கட்டைப் பிரிக்கும். அடுத்த வகுப்பில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று மிரட்டப்போகிற கணக்கு, இங்கே ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றும் வேலையாக முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது, அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தியது, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் நடந்ததைப் பார்த்துப் படித்து இங்கே கொண்டுவந்தார்கள். 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி, பாயில் குழுக்குழுவாக உட்காருவது, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம் என்றார்கள், அது பெரிய விஷயம், அந்தக் கீழ்மட்டக் கரும்பலகைக்காகவே நான் நன்றி சொல்வேன். ஆனால் நாளாக நாளாகப் பல வகுப்பறைகளில் செயல் போய் அட்டை மட்டும் மிஞ்சியது என்பதும் உண்மை. பிள்ளை அட்டையை எடுக்கும், பார்க்கும், நோட்டில் எழுதும், வைக்கும். புத்தகத்தின் பக்கங்களைத் தனித்தனியாகக் கிழித்துக் கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொருளுமாக நிறையவே தந்திருக்கிறார்கள், ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் பொருள் பிள்ளையின் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதை வைத்து அது என்ன முடிவெடுக்கிறது என்று மட்டும்தான் நான் பார்ப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் புளியங்கொட்டை. தாயம் ஆடும் ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும், கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் வெள்ளையாகிவிடும், மறுபக்கம் பழுப்பாகவே இருக்கும். அப்படி ஐந்து கொட்டை. குலுக்கிப் போடு, எத்தனை வெள்ளை, எத்தனை பழுப்பு? இரண்டும் மூன்றும். மறுபடி போடு. நாலும் ஒன்றும். எல்லாமே வெள்ளை விழுந்தால் ஒரே கூச்சல். கொஞ்ச நாளில் பிள்ளைகள் பழுப்பை எண்ணுவதையே விட்டுவிடுவார்கள், வெள்ளை மூன்று என்றால் மற்றது இரண்டுதானே என்பார்கள். அந்த இடத்தில்தான் நான் கொட்டாங்குச்சியைக் கொண்டுவருவேன். ஐந்தை எண்ணிக் காட்டி, சிலவற்றை மூடிவிட்டு, வெளியே இரண்டு இருக்கிறது, உள்ளே எத்தனை? இப்போது தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, மனதுக்குள்தான் பார்க்க வேண்டும். கையில் பொருள் கொடுக்க எல்லோரும் சொல்கிறார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று பயிற்சிகளில் அதிகம் பேசுவதில்லை. விரலும் கொட்டையும் இல்லாமல் கணக்குப் போட முடியாமல் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனால் அதற்குக் காரணம் கொட்டை இல்லை, கொட்டாங்குச்சி வராததுதான்.

அதே ஐந்து கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, அகலமாக விரித்து ஒரு வரிசை வைத்து எதில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். ஜூன் மாதம் வந்து சேரும் பிள்ளைகளில் பலர் விரித்த வரிசையைக் காட்டுவார்கள். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சோதித்துப் பார்த்த விஷயம்தான் இது. “ரெண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, தலையாட்டிவிட்டு மறுபடியும் நீளமானதையே காட்டும். வரிசையைக் குறுக்கட்டும், விரிக்கட்டும், ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்கட்டும். ஒரு நாள் அதுவே “நீங்க சும்மா தள்ளி வச்சிருக்கீங்க” என்று நம்மைக் கண்டிக்கும்.

தமிழுக்கு வந்தால், நான் அ, ஆ வரிசையில் தொடங்குவதில்லை. ட, ப, ம. மூன்றிலும் நேர்கோடுகள் அதிகம், குச்சியை வைத்தே ட, ப இரண்டையும் அமைத்துவிடலாம், ம-வுக்கு மட்டும் களிமண்ணை உருட்டி வளைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றெழுத்து வந்ததுமே வாசிக்க வார்த்தை கிடைத்துவிடும். ம-வின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் ம். இப்போது படம், மடம். நடுவில் இன்னொரு ட சேர்த்து அதன் தலையிலும் ஒரு கொட்டை வைத்தால் பட்டம், மட்டம். கொட்டையை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்குப் புள்ளி என்ன செய்கிறது என்பது நாக்கிலேயே தெரிந்துவிடுகிறது. துணைக்கால், கொம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டைத்துண்டு வைத்திருக்கிறேன், நகர்த்தி நகர்த்திச் சேர்த்துப் படிப்பார்கள். 247 எழுத்து என்று பயமுறுத்தத் தேவையே இல்லை.

மணலில் எழுதுவதும் திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்மிடம் இருப்பதுதான். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அவருடைய முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவார்கள். சொரசொரப்பு விரலுக்கு வழி சொல்கிறது. ஒன்றே ஒன்று, தடவும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலே எழுதிப் பழகிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

மாலையில் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், “நோட்டுல ஒன்னுமே எழுதலையே டீச்சர், இன்னைக்குப் பாடம் நடத்தலையா?” என்று கேட்பார்கள். கோபப்பட்டுப் பிரயோசனமில்லை, அவர்கள் கவலை நியாயமானது, கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். நான் பிள்ளையையே கூப்பிட்டு, அம்மாவுக்கு விளையாடிக் காட்டு என்பேன். கொட்டாங்குச்சிக்குள் எத்தனை என்று அம்மாவிடம் பிள்ளை கேட்கும். பெரும்பாலான அம்மாக்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் நோட்டைப் பற்றிக் கேள்வி குறைந்துவிடும்.

சத்தம் இருக்கும், இல்லாமல் முடியாது. பொருள் தொலையும், அதுவும் இருக்கட்டும். ஆனால் சின்னக் கொட்டைகளை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும் வயது இது, அதனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன், வாங்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன், அதுவும் ஒரு கணக்குதானே. ரொம்பத் துறுதுறுப்பான குழுவுக்குப் புளியங்கொட்டை வேண்டாம், பெரிய பாட்டில் மூடிகளே போதும். மூடியின் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அதே விளையாட்டை ஆடலாம்.

இதற்காகக் கடையில் எதையும் வாங்காதீர்கள். பெற்றோர்கள் கேட்டால் நான் சொல்வது, பழைய பொத்தான், பாட்டில் மூடி, கழுவிக் காயவைத்த ஐஸ் குச்சி, கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை. ஈர்க்குச்சியை விட ஐஸ் குச்சி நல்லது, குத்தாது, கட்டினால் நழுவாது. புளி ஆயும் காலத்தில் கொட்டையைச் சேர்த்து வைத்தால் ஆண்டு முழுக்க வரும்.