கார் ஷெட்டுக்குள் அடுப்படி: இதுவரை செய்ததும் தள்ளி வைத்ததும்

திருச்சியில் எங்கள் வீட்டு அடுப்படி எட்டடிக்குப் பத்தடி. அதில் அம்மாவும் என் மனைவியும் ஒரே நேரத்தில் நின்றால் மூன்றாவது ஆள் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போக முடியாது. அதற்கு ஒட்டினாற்போல, ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்பதரை அடி அகலமும் பதினெட்டு அடி நீளமுமாக ஒரு கார் ஷெட். அப்பா அம்பாசடர் வைத்திருந்த காலத்தில் கட்டியது. கார் போய் வருஷக்கணக்காகிறது, இப்போது ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக், பழைய கட்டில் சட்டங்கள், யாரும் வாங்கிக்கொள்ளாத பழைய பேப்பர் கட்டு இவ்வளவுதான் அங்கே. சரி, ஷெட்டை அடுப்படியாக்கிவிட்டுப் பழைய அடுப்படியைச் சாப்பிடுகிற இடமாக மாற்றலாம் என்று முடிவு செய்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, பிளான் போட்ட கதையையும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.

பிளான் என்றதும் எல்லோரும் கேபினெட் கலர், டைல்ஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஷெட்டைப் பொறுத்தவரை அதெல்லாம் கடைசி. முதலில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் போர்டிகோ அல்லது ஷெட்டுக்கு அடியில்தான் தண்ணீர் சம்ப் இருக்கும், சில வீடுகளில் செப்டிக் டேங்க்கே அங்கேதான். எங்களுக்கு வாசல் பக்கம் சம்ப். அதன் மேல் அடுப்படி கட்டினால் மூடியைத் திறந்து ஆளை இறக்கிக் கழுவுவது எப்படி, கழிவுத் தண்ணீர் ஒரு துளி கசிந்தாலும் குடிக்கிற தண்ணீரில் அல்லவா போய்ச் சேரும்? அதனால் முன்பக்கம் ஆறடியைச் சம்ப்புக்கும் வண்டிகளுக்கும் விட்டுவிட்டோம். பின்னால் மீதி பன்னிரண்டடிதான் அடுப்படி. நடுவில் புதிதாக ஒரு தடுப்புச் சுவர், அதற்கென்று தனியாக அஸ்திவாரம் தோண்டித்தான் எழுப்ப வேண்டும், பழைய சிமென்ட் தரை மேல் அப்படியே செங்கல் வைக்கக் கூடாது.

இன்னொன்று. அப்ரூவல் வாங்கிய வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று காட்டியதை அறையாக்கினால் அது மாறுதல் கணக்கில் வரும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் வண்டி நிறுத்த இவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கே இருக்கிறது. இன்ஜினியர் மூலம் மாநகராட்சியில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கடப்பாரையைத் தொடுவது நல்லது.

அடுத்தது தரை மட்டம். ஷெட் தரை ஹாலைவிட 14 அங்குலம் தாழ்வு, போதாக்குறைக்கு மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிவு வேறு. "இரண்டு படி வைத்து இறங்கிக்கொள்ளலாமே, செலவு மிச்சம்" என்று மாமா சொன்னார். கொதிக்கிற சாம்பார்ச் சட்டியோடு படி ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் அதிகம் யோசித்தது கேஸைப் பற்றி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் போய்த் தங்கும். சுற்றிலும் உயரமாக இருந்து அடுப்படி மட்டும் பள்ளமாக இருந்தால் அது கேஸ் தேங்குகிற தொட்டிதான். ஆகவே ஹால் மட்டத்துக்கே தூக்குவது என்று முடிவு. தூக்கிய பிறகு கூரை வரை 9 அடி 4 அங்குலம் மிஞ்சியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடிக்குச் சற்று மேல், உயரம் கேட்கிறது. நல்லவேளை, தப்பித்தோம். உங்கள் ஷெட்டின் கூரை தாழ்வாக இருந்தால் இதை முதலிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து, திரும்ப ஒரு அடுக்கு கொட்டி என்று அந்த வேலை மட்டும் ஆமை வேகத்தில் நடந்தது. கொத்தனார் அண்ணன் அவசரப்படவே மாட்டார். ஒரே மூச்சில் கொட்டி மூடினால் ஆறு மாதத்தில் டைல்ஸ் கீழே இறங்கிப் பிளக்கும் என்பார், அதில் நான் வாயைத் திறக்கவில்லை.

சுவர் விஷயம்தான் நான் பயந்த இடம். பழைய அடுப்படிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், எங்கள் வீட்டில் பில்லர் கிடையாது, கூரையே சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவரை முழுசாக எடுத்துவிட்டு ஒரே ஹாலாகத் திறந்துவிட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இன்ஜினியர் வந்தார், சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராக மொட்டை மாடிக்குப் போனார். அந்தச் சுவருக்கு நேர் மேலே சின்டெக்ஸ் டேங்க், ஆயிரம் லிட்டர். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். "முதல்ல இத எடுங்க, அப்புறம் சுவரப் பத்திப் பேசலாம்" என்றார். டேங்க் இப்போது வேறு பக்கம் போய்விட்டது, பைப் லைனும் கூடவே. சுவரில் ஐந்தடி அகலத்துக்கு மட்டும் திறப்பு, இரண்டு பக்கமும் மூன்றரை அடிச் சுவர் அப்படியே நிற்கும், மேலே இரும்பு பீம், உடைப்பதற்கு முன் இரு புறமும் ஜாக்கி. அளவெல்லாம் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தது. பக்கத்து வீட்டில் போட்ட பீமைப் பார்த்து நாமும் அதையே வாங்கிப் போடுகிற வேலையெல்லாம் இதில் வேண்டாம்.

இனி லேஅவுட். பன்னிரண்டுக்கு ஒன்பதரை. கிழக்கே வெளிச்சுவர், அதற்கு வெளியே மூன்றடிச் சந்து. மேற்கே திறப்பு வைத்த சுவர், வடக்கே கொல்லைக் கதவு, தெற்கே புதுத் தடுப்பு. மனைவி இன்ஸ்டாகிராமில் பார்த்து வைத்திருந்தது நடுவில் ஒரு மேடை, சுற்றி ஸ்டூல். பேப்பரில் அழகாக வந்தது. நான் ஷெட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டேன், உண்மை அங்கே தெரிந்துவிட்டது. அகலம் 114 அங்குலம், சுவரோரம் மேடை 24, நடு மேடை 24, மிச்சம் 66, இரு பக்கமும் 33 வீதம். மேற்குச் சுவரில் ஃபிரிட்ஜ் வைத்தால் அதுவே 27. நடக்க ஆறு அங்குலம் இருக்கும். அவளே கோட்டின் மேல் நின்று பார்த்துவிட்டு, "சரி, அழிச்சிடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சாக்பீஸ் போடாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று சொல்லுவேன். கோடு மட்டும் போதாது, உயரத்துக்கு அட்டைப்பெட்டி, ஸ்டூல், செங்கல் மேல் பலகை என்று எது கிடைக்கிறதோ அதை வைத்து நிரப்புங்கள். பிறகு வீட்டில் சமைக்கிறவர்களை விட்டு ஒரு வேளைச் சமையலை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜைத் திற, மாவை எடு, அடுப்புக்குப் போ. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக வைத்து, மூன்று பக்கமும் சேர்த்து 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய அமெரிக்கக் கணக்கு உண்டு, எங்களுக்கும் அதற்குள்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கு ஒரே ஆள் சமைப்பதாக நினைத்துப் போட்டது. கிரைண்டர் அதில் இல்லை, தேய்க்கப் போட்ட பாத்திரம் இல்லை, ஒருவர் தோசை வார்க்கும்போது பின்னால் நின்று தேங்காய் துருவுகிறவர் இல்லை.

சிங்க் எங்கே என்பதில்தான் நிறைய பேச்சு. திறப்புக்குப் பக்கத்தில், மேற்குச் சுவரில் வைத்தால் சாப்பிட்ட தட்டை அப்படியே போட வசதி என்று முதலில் நினைத்தோம். கழிவுநீர் சேம்பர் இருப்பது கிழக்குச் சந்தில். பைப் தரைக்கு அடியில் அறையைக் கடந்து, சந்தையும் கடந்து, பன்னிரண்டரை அடி போக வேண்டும். நாற்பதுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் கிட்டத்தட்ட நான்கு அங்குல இறக்கம், 14 அங்குல நிரவலுக்குள் அது அடங்கும், செய்ய முடியாதது இல்லை. ஆனால் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து ஒருநாள் உள்ளே அடைத்துக்கொண்டால் புது டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். கிழக்குச் சுவரின் வடகோடியில் வைத்தால் பைப் சுவரைத் தாண்டிய உடனே சேம்பர், கொல்லைக் கதவும் பக்கத்தில், பெரிய பாத்திரங்களை வெளியே போட்டுத் தேய்க்கலாம். தட்டுக்காக நாலு எட்டு கூட நடப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆக, கிழக்குச் சுவர் முழுக்க ஒரே நேர் மேடை. வடக்கிலிருந்து சிங்க்குக்கு மூன்றடி, நறுக்க மூன்றரை, அடுப்புக்கு மூன்று, மிக்ஸிக்கு இரண்டரை. கிழக்குப் பார்த்துச் சமைப்பது, அதுவும் வீட்டின் அக்னி மூலையில் என்பதால் அம்மாவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, வாஸ்துவும் பைப்பும் ஒரே பக்கம் சேர்ந்தது எங்கள் யோகம். ஜன்னல் சிங்க்குக்கும் நறுக்கும் இடத்துக்கும் நேராக, அடுப்புக்கு நேராக இல்லை, காற்றில் தீ அலையக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழை அந்தப் பக்கம்தான் சாய்ந்து அடிக்கும், அதனால் சன்ஷேடு அகலமாக. சிம்னி பைப் வளைவே இல்லாமல் வெளிச்சுவரில் நேராக வெளியேறும். எதிர்ச் சுவரில், திறப்புக்கு ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், மறுபக்கம் கிரைண்டருக்கு முழங்கால் உயரத்தில் தாழ்ந்த மேடை. மாவோடு கல்லைத் தூக்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மேடை உயரத்துக்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அம்மா ஐந்தடிகூட இல்லை, மனைவி ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. முழங்கையை மடக்கி நின்றால் அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும் என்பார்கள். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, நிஜ அடுப்பையே தூக்கி வைத்து, அதன் மேல் ஐந்து லிட்டர் குக்கரையும் வைத்தோம். பலகை 34 அங்குலத்தில் இருந்தபோது அம்மா கரண்டியோடு நுனிக்காலில் நின்று, "பருப்பு வெந்துச்சான்னு பாக்க எனக்கு ஏணி வாங்கித் தருவியா?" என்றாள். ஒரு வரிசை செங்கலை உருவி 31-க்கு இறக்கினோம். மனைவி இரண்டு வெங்காயம் நறுக்கிவிட்டு நிமிர்ந்து, "அத்தை, இதுல தினமும் நின்னா என் இடுப்பு போயிடும்" என்றாள். பிரச்சினை மேடையில் இல்லை, அடுப்பில்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுப்பின் உயரம், அதன் மேல் பாத்திரத்தின் உயரம் என்று கூடிக்கொண்டே போகிறது, நறுக்குகிற இடத்துக்கு அது கிடையாது. கொத்தனார் அண்ணன் வழி சொன்னார்: "அடுப்பு வர்ற மூணடிய மட்டும் ரெண்டு இஞ்ச் இறக்கிடலாம் தம்பி. கிரானைட்ட ரெண்டு எடத்துல வெட்டணும், அவ்வளவுதான்." மேடை 33, அடுப்பு இடம் 31. பாத்திரத்தை அப்படியே இழுத்து நகர்த்த முடியாது என்பது ஒரு குறைதான், இருவருமே பரவாயில்லை என்றார்கள்.

சிலிண்டர் மிக்ஸி மேடைக்குக் கீழே, நிமிர்த்தியபடி. ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இடையில் ஒட்டுப் போடக் கூடாது, ஆகவே அடுப்பை ஒட்டித்தான் வைத்தாக வேண்டும். அதற்கு நேராக வெளிச்சுவரில் தரையோடு ஒரு ஜாலி, எலி வராமல் வலை அடித்து. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய, கீழே கிடக்கிற கேஸை அது வெளியேற்றாது.

கரண்ட் வேலை பற்றிச் சுருக்கமாக. ஷெட்டுக்கு அதுவரை இருந்தது ஒரே ஒரு டியூப் லைட் லைன். ஃபிரிட்ஜ், கிரைண்டர், இண்டக்ஷன், மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயின்ட், 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர், போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). பிளக் எங்கே வரும் என்பதையும் சுவரில் சாக்பீஸால் குறித்துத்தான் காடி வெட்டச் சொன்னோம்.

இப்போதைய நிலவரம்: நிரவல் முடிந்து கான்கிரீட் போட்டாகிவிட்டது, தடுப்புச் சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற கான்கிரீட் பட்டை) மட்டம் வரை வந்திருக்கிறது, பீம் ஆர்டர் கொடுத்திருக்கிறோம். பாக்கி இருப்பது லாஃப்ட். அம்மாவுக்கு நாலு பக்கமும் வேண்டும், பொங்கல் பானை முதல் அண்டா வரை மேலே ஏற்ற. ஏழடியில் போட்டால் மேலே இரண்டடி சொச்சம் கிடைக்கும்தான், ஆனால் அந்தக் கூரை நேர் வெயில் வாங்குகிறது, நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே புழுங்கும், கிழக்கே சிம்னிக்கும் இடிக்கும். தெற்குத் தடுப்புச் சுவரில் மட்டும் போடலாம் என்பது என் கட்சி. மனைவி இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சுவர் லிண்டலைத் தாண்டுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கொத்தனார் அண்ணன் கெடு வைத்திருக்கிறார்.