தோள் இறுகினா சுளுக்கு எடுக்காதீங்க

சேலம் அம்மாப்பேட்டையில எங்க தெருவுல தறி ஓட்டுற அக்கா ஒருத்தங்க, தலை பின்ன முடியலை, முதுகுப் பக்கம் கையே போகலைன்னு ரொம்ப நாளா புலம்பிட்டிருந்தாங்க. பொழுதன்னைக்கும் நாடாக் கயிறு இழுக்கிற கை. சுளுக்குதான்னு ஆளாளுக்கு எண்ணெய் போட்டு இழுத்துவிட்டதுல ராத்திரி தூக்கமும் போச்சு.

டாக்டர் பார்த்துட்டு ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லிட்டார். மூட்டைச் சுத்தியிருக்கிற உறை தடிச்சு இறுகிடும். 40-லிருந்து 60 வயசுக்குள்ளதான் பெரும்பாலும் வரும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவங்களுக்கும் அதிகம். ரத்தம் டெஸ்ட் பண்ணினா அக்காவுக்கும் சர்க்கரை!

இப்ப நல்ல கையை மேசையில ஊன்றிக் குனிஞ்சு, வலிக்கிற கையைத் தளர்வா தொங்கவிட்டு சின்னச் சின்ன வட்டம் போடுறாங்க. அப்புறம் சுவத்துல விரலாலயே பல்லி மாதிரி மேல ஏத்துறது. வலி அதிகமானா அங்கேயே நிறுத்திடணும். அசைக்காமலே வெச்சிருந்தா இன்னும் இறுகும். முழுசா சரியாக ஒண்ணு ரெண்டு வருஷம்கூட ஆகலாம் (என்னைக் கேட்டா இதுதான் கசப்பு மருந்து).

கீழ விழுந்து கையைத் தூக்கவே முடியலைன்னா கதை வேற. தசைநார் கிழிஞ்சிருக்கலாம், எலும்பு டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க. தோள்வலியோட நெஞ்சடைப்பு, வியர்வை வந்தா இதயமா இருக்கலாம். தைலம் தேடாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.