மைடா, 1806: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 8

நெப்போலியன் காலத்துப் போர்கள் என்றால் ஆஸ்டர்லிட்ஸ், மாஸ்கோவிலிருந்து பனியில் திரும்பிய படை, வாட்டர்லூ, அத்தோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த மாதம் மைடாவை மட்டும் படிப்பதாக இருக்கிறேன். இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில், 1806 ஜூலை 4 அன்று நடந்த சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான். நெப்போலியனும் அங்கே இல்லை, வெலிங்டனும் இல்லை.

சிறிய சண்டை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். லட்சம் பேர் மோதிய களத்தில் தனி அதிகாரி ஒருவரின் முடிவைப் பிடித்துப் பின்தொடர முடியாது. இங்கே முடிகிறது. எந்தப் பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) எங்கே நின்றது, யார் யாரை எதிர்கொண்டார்கள் என்று ஒரே தாளில் வரைந்துவிடலாம்.

பின்னணி சுருக்கமாக: 1806 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸ் அரசுக்குள் புகுந்தது. அரசர் ஃபெர்டினாண்டும் அரசி மரியா கரோலினாவும் சிசிலிக்கு ஓடினார்கள். நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை நேப்பிள்ஸ் அரியணையில் உட்காரவைத்தார். வடக்கே கயேட்டா கோட்டை மட்டும் ஹெஸ்ஸே இளவரசர் லுட்விக்கின் கையில் விழாமல் நின்றது. பிரெஞ்சுத் தளபதி மசேனாவின் பெரும்படை அதை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. சிசிலியின் மெஸ்ஸினாவில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ஜான் ஸ்டுவர்ட் சுமார் 5,200 பேரோடு கடல் கடந்து, ஜூலை 1 அன்று சாந்த் எயுஃபேமியா வளைகுடாவில் இறங்கினார்.

ஜூன் 11

இன்று இரண்டு தளபதிகளைப் பற்றி மட்டும்.

ஸ்டுவர்ட் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் அரசின் அதிகாரி. மகனும் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று சண்டையிட்டார். எதிரே வந்த பிரெஞ்சுத் தளபதி ஜான் ரெய்னியே சுவிட்சர்லாந்தின் லோசானில் பிறந்தவர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர், கணக்குப் போட்டு யோசிக்கிற மனிதர், கூட இருப்பவர்களோடு ஒத்துப்போகத் தெரியாதவர். எகிப்தில் மேலதிகாரி மெனுவோடு மோதி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1802இல் டெஸ்டாங் என்ற சக ஜெனரலை ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில் சுட்டுக் கொன்றார்.

இருவரும் 1801 மார்ச் 21 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா களத்தில் எதிரெதிர் அணியில் இருந்திருக்கிறார்கள். அன்று ஸ்டுவர்ட் வெளிநாட்டு வீரர்கள் நிறைந்த ஒரு பிரிகேடை (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவை) நடத்தினார். ஆக, பிரிட்டிஷ் காலாட்படை எப்படிச் சுடும் என்று ரெய்னியேவுக்கு நேரடியாகத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஜூலை 4 காலையை வாசிக்க வேண்டும்.

ஜூன் 14

வரைபடத்தோடு இன்றைய பொழுது போனது. லமேசியா விமான நிலையம் இன்று இருக்கும் சமவெளிதான் அந்தக் களம். மேற்கே கடல், கிழக்கே மலைச்சரிவு, நடுவே அமாத்தோ ஆறு. பழைய எழுத்துகளில் அதை லமாத்தோ என்கிறார்கள். அப்போது இது சதுப்பும் புதரும் மலேரியாவும் நிறைந்த நிலம். படை அங்கே தங்கத் தங்க நோயாளிகள் கூடுவார்கள் என்பது ஸ்டுவர்ட்டின் அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது.

தெற்கே ரெட்ஜோ பக்கம் இருந்த ரெய்னியே செய்தி கேட்டதும் விரைந்து வந்து, ஜூலை 3 அன்று மைடா ஊருக்குக் கீழே இருந்த உயரமான சரிவில் முகாமிட்டுவிட்டார். முன்னால் ஆறு, பின்னால் மலை. அந்த இடத்தைத் தாக்க வந்திருந்தால் ஸ்டுவர்ட்டுக்குப் பெரிய அடி விழுந்திருக்கும். 4ஆம் தேதி காலை பிரிட்டிஷ் படை கடற்கரை ஓரமாக நகர ஆரம்பித்தது. அதே நேரத்தில் ரெய்னியே அந்த நல்ல இடத்தை விட்டுவிட்டுச் சமவெளிக்கு இறங்கினார்.

இதைச் சுத்தத் திமிர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவரைச் சுற்றி கலாப்ரியா கிராமங்கள் ஆயுதம் தூக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாள் தாமதமும் கிளர்ச்சியை வளர்க்கும். ஸ்டுவர்ட்டிடம் குதிரைப்படை இல்லை. ரெய்னியேவிடம் 9ஆவது ஷாசர் குதிரைவீரர்கள் இருந்தார்கள். சமவெளியில் குதிரை வைத்திருப்பவனுக்குத்தான் சாதகம். இறங்கியது தப்பான முடிவு அல்ல என்பதே என் கருத்து. சிக்கல் இறங்கிய விதத்தில் இருந்தது.

ஜூன் 18

இறங்கிய விதம். இரண்டு படைகளும் படிக்கட்டு போல ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாக நகர்ந்தன. பிரெஞ்சின் இடப்பக்கம் முன்னே வந்தது: கொம்பேர் தலைமையில் 1ஆவது லெஜேர் (இலகு காலாட்படை ரெஜிமென்ட்), 42ஆவது ரெஜிமென்ட். நடுவில் பெய்ரியின் கீழ் போலந்துக்காரர்களும் ஒரு சுவிஸ் பட்டாலியனும். வலப்பக்கம் பின்தங்கி டிகோனே, 23ஆவது லெஜேரோடு. குதிரைப்படையும் அந்தப் பக்கம். பிரிட்டிஷில் வலப்பக்கம் கெம்ப்ட் முன்னால், அடுத்து ஆக்லண்ட், பின்தங்கி இடப்பக்கம் கோல். ஆஸ்வால்ட் பின்னால் கையிருப்பு.

ஆக, ரெய்னியேவின் சிறந்த ரெஜிமென்டான 1ஆவது லெஜேர் வேறு யாரும் தொடும் முன்னே தனியாகக் கெம்ப்ட்டின் எதிரில் வந்து நிற்கிறது. கெம்ப்ட் வைத்திருந்தது பல ரெஜிமென்டுகளின் இலகு கம்பெனிகளை (வேகமாக நகரும் சிறு பிரிவுகளை) பொறுக்கி எடுத்துக் கோர்த்த ஒரு பட்டாலியன். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தேர்ந்த ஆட்கள்.

நெருங்கும் நேரத்தில், முதுகில் சுமந்த போர்வையைக் கழற்றிப் போடச் சொல்லி கெம்ப்ட் வரிசையை நிறுத்தினார் என்று ஒரு பதிவு இருக்கிறது. அதைப் பார்த்து, இவர்கள் தயங்குகிறார்கள் என்று நினைத்த பிரெஞ்சு வீரர்கள் கத்திக்கொண்டு வேகமெடுத்தார்களாம். அப்புறம் சுட்டார்கள். முதல் சுற்று சுமார் 150 கெஜத்தில், இரண்டாவது 80 கெஜத்தில், மூன்றாவது மிக அருகில், இருபது முப்பது கெஜத்தில் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். கொம்பேர் காயம்பட்டுப் பிடிபட்டார். பயனெட்டை நீட்டிக்கொண்டு பிரிட்டிஷார் கிளம்பியதும் 1ஆவது லெஜேர் உடைந்து ஓடியது.

எல்லாம் கால் மணி நேரத்துக்குள்.

ஜூன் 19

சித்தப்பாவிடம் இந்த மூன்று சுற்று விஷயத்தைச் சொன்னேன். அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "சுடுறது பெரிய வேலை இல்லடா. எதிர்ல ஓடி வர்றவன் மூஞ்சி தெரியுற வரைக்கும் சுடாம நிக்க வைக்கிறதுதான் வேலை. அதை மேல இருக்கிற ஜெனரல் செய்ய முடியாது, கூட நிக்கிறவன்தான் செய்யணும்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே இங்கே பதிவு செய்துவைக்கிறேன். அன்றைய துப்பாக்கியில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று குண்டுதான். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்பதே கிடையாது. தூரத்திலேயே சுட்டுத் தீர்த்தவன் மறுபடி மருந்தும் குண்டும் இடிப்பதற்குள் எதிரி கழுத்தருகே வந்துவிடுவான். மூன்றாவது சுற்றை அவ்வளவு அருகில் வரும்வரை கையில் வைத்திருந்ததில்தான் கெம்ப்ட்டின் வெற்றி இருக்கிறது.

ஜூன் 23

இன்று எழுதுவது கொஞ்சம் நீளும், ஏனென்றால் மைடாவை நான் எடுத்ததே இதற்காகத்தான்.

நூறு வருடங்களாக இந்தச் சண்டை ஒரு பாடமாகச் சொல்லப்பட்டு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நெருக்கமான திரளாக வந்தார்கள், பிரிட்டிஷார் அகலமான மெல்லிய வரிசையாக நின்றார்கள். திரளில் முன்னால் இருப்பவன் மட்டும்தான் சுட முடியும், வரிசையில் எல்லோரும் சுடலாம், அதனால் வரிசை வென்றது. கேட்க எளிமையான கணக்கு. சார்லஸ் ஓமன் என்ற வரலாற்றாசிரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைடாவையே இதற்குத் தலையாய சான்றாகக் காட்டினார். பின்னாளில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். ஆனால் திருத்தத்தை யாரும் கவனிக்கவில்லை, பாடம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ரெய்னியே சண்டைக்குப் பின் ஜோசப்புக்கு அனுப்பிய அறிக்கையைப் பாருங்கள். கொம்பேரின் கீழ் 2,400 பேர் கொண்ட இரண்டு ரெஜிமென்டுகளும் ஆற்றைக் கடந்ததும் வரிசையாக விரிந்தன என்கிறார். தோற்ற தளபதிக்கு இந்த விஷயத்தில் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆக, வரிசைக்கு எதிரே வரிசைதான் நின்றது. பிரெஞ்சு வரிசை மூன்று அடுக்கு, பிரிட்டிஷ் வரிசை இரண்டு அடுக்கு, அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் வென்றது அணிவகுப்பின் வடிவம் அல்ல. யார் எப்போது சுட்டார்கள், எவ்வளவு அமைதியாகக் காத்திருந்தார்கள், தனியாக முன்னே போன ரெஜிமென்டுக்குப் பக்கத்தில் துணை வந்து சேர்ந்ததா இல்லையா, இவைதான். மனிதர்களின் முடிவுகளை வடிவக் கணக்குக்குள் மறைத்துவிடும் வரலாற்றின் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கெம்ப்ட்டின் பெயர் போய்விடுகிறது, கொம்பேரின் பெயர் போய்விடுகிறது, ஒரு சூத்திரம் மட்டும் நிற்கிறது.

ஜூன் 25

நடுப்பகுதி. ஆக்லண்டின் 78ஆவது, 81ஆவது ரெஜிமென்டுகள் 42ஆவது ரெஜிமென்டை விரட்டின. போலந்துக்காரர்கள் அதிகம் தாக்குப்பிடிக்கவில்லை. சுவிஸ் பட்டாலியன் நின்று சண்டையிட்டது. பிரெஞ்சுப் படையின் சுவிஸ்காரர்களுக்கு சிவப்புச் சட்டை. பிரிட்டிஷ் பக்கத்திலும் வாட்வில் என்ற சுவிஸ் ரெஜிமென்ட் உண்டு. 78ஆவது ரெஜிமென்டின் ஹைலாண்டர்கள், நம் ஆட்கள்தான் வருகிறார்கள் என்று நினைத்து அருகே விட்டுவிட்டு, பலமான ஒரு சுற்றை வாங்கிக்கொண்டார்கள்.

78ஆவது என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். இதன் முதல் பட்டாலியன் 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில் மெட்ராஸ் சிப்பாய் பட்டாலியன்களோடு சேர்ந்து மராட்டியர்களை எதிர்த்து நின்றது. மைடாவில் இருந்தது இரண்டாவது பட்டாலியன், பெரும்பாலும் இளவட்டங்கள்.

ஜூன் 29

கெம்ப்ட்டைப் புகழ்ந்தேன், அவர் விட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். உடைந்து ஓடியவர்களை அவருடைய ஆட்கள் மைடா ஊர்வரை துரத்திக்கொண்டே போய்விட்டார்கள். அதன்பின் சண்டையில் அவர்கள் இல்லை.

இதற்குள் மறுமுனையில் கோலின் நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. டிகோனே நிதானமாக நின்றார். 23ஆவது லெஜேர் கலையவில்லை, பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன, குதிரைவீரர்கள் கோலின் இடப்பக்கத்தைச் சுற்றி வரப் பார்த்தார்கள். காய்ந்த புதர்களில் தீப்பிடித்துப் புகை மூடியது. கோலுக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி, தாங்க யாருமில்லை.

அங்கேதான் ராபர்ட் ராஸ் வருகிறார். அவருடைய 20ஆவது ரெஜிமென்ட் கப்பல் தாமதத்தால் அன்று காலைதான் கரையிறங்கியது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வேகமாக நடத்திக்கொண்டு வந்து, புதர்களின் மறைவில் கோலின் இடப்பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார். நெருங்கி வந்த குதிரைப்படை மேல் ஒரு சுற்று, பிறகு 23ஆவது லெஜேரின் பக்கவாட்டில் இன்னொன்று. அதோடு ரெய்னியே பின்வாங்கினார். டிகோனே ஒழுங்கு குலையாமல் பின்காவல் காத்தார்.

இந்தக் களத்தின் மிகச் சிறந்த முடிவு எது என்று கேட்டால் நான் ராஸைத்தான் சொல்வேன். களத்தை முழுதாகப் பார்க்காமலே எங்கே தேவை என்று கண்டுபிடித்தார்.

ஜூலை 4

இன்று அந்தத் தேதி. ஸ்டுவர்ட் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்? அவருடைய அலுவலராகக் கூடவே இருந்த ஹென்றி பன்பரி பின்னாளில் எழுதிய நினைவுகளில், தளபதி திட்டம் எதையும் சொல்லவில்லை, உத்தரவும் ஏறக்குறைய தரவில்லை, பார்வையாளரைப் போல உற்சாகமாகக் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தார் என்கிறார். கெம்ப்ட், ஆக்லண்ட், கோல், ராஸ் என்று ஆளாளுக்கு எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகைதான் மைடா. பிரிட்டிஷ் பக்கம் 45 பேர் இறந்து 282 பேர் காயம்பட்டார்கள். ரெய்னியேவின் இழப்பு அதைப்போலப் பல மடங்கு.

அன்று பிற்பகல் கடலில் குளிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. திடீரெனத் தூசி எழுந்தது, குதிரைப்படை வருகிறது என்று குரல். உடுப்பில்லாமலே ஓடிவந்து துப்பாக்கியும் வார்ப்பட்டையுமாக வரிசையில் நின்றார்கள். வந்தது மிரண்டு ஓடிய எருமைக் கூட்டம். அந்தப் பட்டாலியன்களின் பயிற்சி எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டுவர்ட்டுக்கு மைடாப் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. பிரிட்டிஷ் தரைப்படை அதிகாரிகளுக்கான தங்கப் பதக்கம் முதன்முதலில் இந்தச் சண்டைக்காகத்தான் செய்யப்பட்டது. லண்டனின் மைடா வேல் பகுதிக்கும் இங்கிருந்துதான் பெயர். 78ஆவதில் இருந்த ஜேம்ஸ் மெக்டொனெல், ஒன்பது வருடம் கழித்து வாட்டர்லூவில் ஊகுமோன் பண்ணைக் கதவைத் தள்ளி மூடியவர்களில் ஒருவர்.

ஜூலை 6

வெற்றிக்குப் பின் ஸ்டுவர்ட் எடுத்த முடிவு தப்பு என்று நான் நினைக்கிறேன். வடக்கே கயேட்டா இன்னும் விழவில்லை. அவர் தெற்கே திரும்பி ரெட்ஜோ, ஷில்லா கோட்டைகளைப் பிடித்தார். கயேட்டா ஜூலை 18 அன்று சரணடைந்தது. மசேனாவின் படைக்கு முற்றுகை வேலை முடிந்தது, கலாப்ரியாவுக்கு இறங்கியது. சிசிலிக்கு வரவிருந்த ஆபத்து தள்ளிப்போனது என்பது உண்மைதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டிஷார் வந்த தைரியத்தில் ஆயுதம் எடுத்த கிராமத்து ஜனங்களை விட்டுவிட்டுப் படை கப்பலேறியது. ஆகஸ்டில் லவுரியா ஊரை பிரெஞ்சுப் படை சூறையாடி எரித்தது. அங்கே செத்த குடியானவர்களுக்குப் பதக்கமும் இல்லை, லண்டனில் தெருவும் இல்லை.

அடுத்து போர்ச்சுகலில் நடந்த புசாக்கோ, 1810 செப்டம்பர் 27. அங்கே ரெய்னியே மறுபடியும் பிரிட்டிஷ் வரிசைக்கு எதிரே வருகிறார், செங்குத்தான மலையில் கீழிருந்து மேலே. அங்கே அவருடைய ஆட்கள் உண்மையிலேயே திரளாகத்தான் ஏறினார்கள். அதற்கான வரைபடத்தை நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.