விளக்கு எரியாத இரவு

வால்பாறையில் யானையால் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர், அது அங்கே நிற்பது தெரியாமல் இருட்டில் நேருக்கு நேர் போய்விட்டவர்கள். தேயிலையும் காபியுமாக ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர்; சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானை வரத்தான் செய்யும். எங்கே நிற்கிறது என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர் கேபிள் டிவி, குறுஞ்செய்தி, கம்பத்தில் சிவப்பு விளக்கு என்று இதற்கு வழி செய்தார்கள். 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

இப்படியொரு முறையை இன்னோர் ஊரில் தொடங்குபவர்கள் கருவியைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சொற்களில் தொடங்குவதே சரி. தோட்டத்து வரைபடத்தில் இருக்கும் பீல்டு நம்பர் சூப்பர்வைசருக்குத் தெரியும். அவர் வீட்டுப் பாட்டிக்குத் தெரியாது. பாட்டிக்கு அது கோயில் மேடு, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், பேக்டரி வளைவு. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒவ்வொரு லைனிலும் பெண்களை உட்காரவைத்து இடப்பெயர்களை எழுதி வாங்க வேண்டும். ஒரே பெயர் இரண்டு எஸ்டேட்டில் இருந்தால் எஸ்டேட் பெயரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ‘ஒற்றை’ என்பதையும் ‘கூட்டம்’ என்பதையும் விடவே கூடாது. குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்கும் தனிக் கொம்பனுக்கும் மலைக்காரர்கள் ஒரே மாதிரி ஒதுங்குவதில்லை.

அடுத்தது நீளம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழுக்கு 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘வேண்டாம்’ கண்ணுக்கு 4 எழுத்து, போனுக்கு 8. “யானை: 2ஆம் காடு, கோயில் அருகே. இரவு நடக்க வேண்டாம்” என்பதே 50 ஆகிவிடுகிறது. மீதி 20இல் நேரத்தை எழுதலாம், வணக்கத்துக்கு இடமில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு வேண்டும். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து கொழுந்து பறிப்பவர்கள் பெருகிவிட்டதால் தமிழ்க் குரல் மட்டும் போதாது.

சிவப்பு விளக்கு இதையெல்லாம் தாண்டிவிடுகிறது. கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு சிம். பதிவான எண்ணிலிருந்து அழைத்தால் எரியும், அணையும். வீட்டு வெளிச்சத்தோடு கலக்காத நிறம். தெளிந்த இரவில் தூரத்திலிருந்தே தெரியும். எழுத்தும் மொழியும் தேவையில்லை.

ஆனால் சிக்கல் முழுவதும் அதன் இருட்டில்தான். எரிந்தால் யானை பக்கத்தில் என்று பொருள். எரியாவிட்டால்? யானை இல்லை என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து அழைப்பு நின்றிருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் கரண்ட் போய் டவரே படுத்திருக்கலாம். பெட்டியில் ஈரம் இறங்கி இணைப்பு பச்சை பூத்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே இருட்டு. இது விளக்கே இல்லாததைவிடக் கெட்டது, ஏனென்றால் நம்பி நடப்பார்கள். அதனால் வாரம் ஒரு நாள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு நேரத்தில், 5 நிமிடம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். அன்று எரியவில்லை என்றால் லைன்காரர்களே போன் செய்து சொல்லிவிடுவார்கள். சோதனையை அலுவலகத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தக் கண்கள் கிடைக்காது. மழை மாதங்களில் டவர் போனால் வீடு வீடாகச் சொல்லி அனுப்ப ஆள் யார் என்பதையும் மே மாதமே முடிவு செய்துவிட வேண்டும்.

அணைப்பதும் அதே அளவு முக்கியம். யானை விடியலில் சோலைக்குள் போன பிறகும் விளக்கு பகலெல்லாம் எரிந்தால், நாலாம் நாள் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. விளக்கை ஏற்றும் எண்களைப் பலருக்குக் கொடுக்கலாம். அணைக்கும் பொறுப்பு மட்டும் அந்த லைனிலேயே குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். அவர் ஊருக்குப் போனால் சாவியைப் போல அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.