எல்லாப் பல்லையும் பிடுங்கிருங்க

போன டிசம்பரில், கோத்தகிரியில் நாலு நாளாக வெயில் முகமே தெரியாத ஒரு காலையில், 66 வயதுப் பெரியவர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். கம்பளிக் குல்லா, மப்ளர், உள்ளே இரண்டு ஸ்வெட்டர். நாற்காலியில் சாய்ந்ததும் குல்லாவைக் கழற்றாமலே சொன்னார்: "எல்லாப் பல்லையும் பிடுங்கிருங்க டாக்டரம்மா."

வாயைப் பார்த்தேன். 25 பல் இருந்தது. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடின. மற்றதெல்லாம் காரை பிடித்து, ஈறு வீங்கியிருந்தாலும் காப்பாற்றக்கூடிய பற்கள்தான். எதற்குப் பிடுங்க வேண்டும் என்று கேட்டேன். திருப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான், ஈறு நோய் இருக்கிற ஆம்பளைகளுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வருமென்று. "பல்லே இல்லேன்னா ஈறு நோய் எங்கிருந்து வரும்? அது வரலேன்னா இதுவும் வராதில்ல?"

என் உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கணக்கைப் பெரிய பெரிய மருத்துவர்களே போட்டிருக்கிறார்கள். 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் மான்ட்ரியலில் பேசிய ஒரு பேச்சுக்குப் பிறகு, உடம்பில் எது வந்தாலும் வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் காரணம் என்ற எண்ணம் வேகமாகப் பரவியது. மூட்டுவலிக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். நியூ ஜெர்சியில் ஹென்றி காட்டன் என்பவர் மனநல மருத்துவமனை நோயாளிகளுக்கே வரிசையாகப் பிடுங்கினார். மனநோய் போகவில்லை, பல்தான் போனது.

சிரிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர் பயத்தில் தப்புக் கணக்குப் போட்டார். அதே ஆராய்ச்சிகளை வைத்துக்கொண்டு, சில வருடங்களுக்கு முன்னால் நான் உற்சாகத்தில் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன்.

அப்போது என்னிடம் வந்தவர் வேறொருவர், எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பல் ஆடுகிறது என்று வந்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை மெல்லிய கம்பியால் அளப்போம், பாக்கெட் என்போம். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயமில்லை. அண்ணாவுக்குக் கடைவாயில் 7 வரை போனது. ஆனால் ரத்தம் அவ்வளவாக வரவில்லை. பீடி குடிப்பவர்களின் வாய் இப்படித்தான் ஏமாற்றும். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு வெளுத்து, இறுகி, பார்வைக்கு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ரத்தம் வரவில்லை என்றால் நோய் இல்லை என்று எழுதிவிடாதே என்பது கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் எச்சரிக்கைகளில் ஒன்று.

பேச்சுவாக்கில் அவர் பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்தார். பி.எஸ்.ஏ. 7.2. புரோஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு அது. வழக்கமாக 4-க்கு மேல் போனால் மேலே பார்க்கச் சொல்வார்கள். கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர், புற்றுநோயா என்று பார்க்க ஊசியால் துணுக்கு எடுக்கும் திசுப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். அண்ணாவுக்கு மனசில்லை.

அந்தச் சமயம்தான் நான் 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் செய்தது. புரோஸ்டேட்டில் அழற்சியும் வாயில் ஈறு நோயும் சேர்ந்திருந்த 27 ஆண்களுக்கு ஈறுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 21 பேருக்கு பி.எஸ்.ஏ. குறைந்திருந்தது. பல் மருத்துவருக்கு இதைவிட இனிக்கும் செய்தி என்ன வேண்டும்? பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும் என்று நம்பும் ஊரில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துபவள் நான். "ஈறைச் சரிபண்ணினா இதுகூடக் குறையலாம் அண்ணா" என்றேன்.

நாலு தடவை வரவழைத்து வேர் வரை சுத்தம் செய்தேன். பீடியையும் பாதியாகக் குறைத்தார். இரண்டு மாதம் கழித்து பி.எஸ்.ஏ. 5.1. அரைக்கிலோ தேயிலைத்தூள் பொட்டலத்தோடு சந்தோஷமாக வந்தார். "குறைஞ்சிருச்சில்ல, இனி எதுக்குக் கீழ போயி ஊசி குத்திக்கணும்?" நான் சொன்னது இவ்வளவுதான்: "சரி, பார்ப்போம்."

அந்த "பார்ப்போம்" இன்னும் எனக்குள் உறுத்துகிறது. பி.எஸ்.ஏ. புற்றுநோயால் மட்டும் ஏறுவதில்லை. அழற்சி, சிறுநீர்த் தொற்று, வயதாவதால் வரும் சாதாரண வீக்கம் எல்லாமே ஏற்றும். அழற்சி தணிந்தால் அதன் பங்கு குறையும். மீதி எதனால் என்று அந்த எண் சொல்லாது. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே திசுப் பரிசோதனை முடிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. புற்றுநோய் வராமல் தடுத்தோம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. பீடிக்காரரின் ஈறில் ரத்தம் வராததை நம்பாத நான், ரத்தத்தில் ஓர் எண் இறங்கியதை நம்பிவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து எண் 11-ஐத் தாண்டியது. மகள் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். புற்றுநோய்தான். நல்லவேளை, சுரப்பியைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு வருடம் முந்திப் போயிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். தொடர்பு என்பது வெறும் கட்டுக்கதை அல்ல. ஈறில் குடியிருக்கும் கிருமிகள் மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் ரத்தத்தில் கலக்கின்றன. அழற்சியைத் தூண்டும் பொருட்களும் உடம்பெல்லாம் சுற்றுகின்றன. வாயிலுள்ள அதே கிருமிகளின் மரபணுத் தடயத்தைப் புரோஸ்டேட் திரவத்திலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நோய் வரும் அபாயம் என்று வரும்போது ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் கொஞ்சம் கூடுகிறது, சிலவற்றில் இல்லை. 1986-ல் அமெரிக்காவில் தொடங்கி ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் பாதிக்கு மேல் பல் மருத்துவர்களே, அவர்கள் ஈறும் யோக்கியமில்லை என்று தெரிந்தது! 2008-ல் அதிலிருந்து வந்த கட்டுரையில், ஈறு நோய் இருந்தவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் அபாயம் 14 சதவீதம் கூடுதல். நுரையீரல், சிறுநீரகம், கணையம், ரத்தம் என்று பட்டியல் போகிறது. முற்றிய புரோஸ்டேட் புற்றில் அப்படித் தெளிவாக எதுவும் பிடிபடவில்லை.

வயதானால் ஈறும் கெடும், புரோஸ்டேட்டும் தொல்லை தரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கைக்கும் அதில் கொஞ்சம் கை உண்டா என்று பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

இதையெல்லாம் அந்தக் குல்லாப் பெரியவரிடம் சொல்லவில்லை. "ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?" என்று கேட்டேன். ஒரு பல் டாக்டரம்மா, அதுவும் பெண், இதைக் கேட்டதும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நாலைந்து தடவையாம். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்." மலையில் எல்லா ஆண்களும் சொல்லும் பதில் இது. சித்திரை வெயிலில் எத்தனை தடவை என்று கேட்டேன். யோசித்தார். அப்போதும் நாலுதானாம்.

பல் எதையும் பிடுங்கவில்லை. சுத்தம் செய்ய மூன்று நாள் குறித்தேன். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார் பெருமையாக. இந்த 6,000 அடியில் ஆலுக்கும் வேலுக்கும் எங்கே போவது? ஒரு மெத்தென்ற பிரஷ் எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் 50 தாண்டிய ஆண்களின் அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஈறு சரியானாலும் சிறுநீர் டாக்டரைப் பார்க்க வேண்டும்.' அவருக்கும் எழுதி, மகனுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

மூன்று தடவையும் சரியாக வந்தார். ஈறு இறுகிவிட்டது, ஆடிய இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ரிப்போர்ட்டை இன்னும் காட்டவில்லை. பொங்கல் வேலை, பேரன் வந்திருக்கான் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையில் மகனுக்கே போன் போடலாம் என்றிருக்கிறேன்.