கண்ணாடி போட்ட மேரியும் மற்றவர்களும்

டிசம்பர் 22

படங்களிலும் காமிக்ஸிலும் நூலகர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்து வருகிறேன். இன்று ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) படம் பார்த்தேன். நாயகன் ஜார்ஜ் பிறக்காமலே போயிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று தேவதூதர் காட்டுகிறார். தம்பி சிறுவயதிலேயே செத்துப்போயிருக்கிறான். ஊர் முழுக்கச் சூதாட்டமும் குடியும். மனைவி மேரிக்கு நேர்ந்த கேடு என்ன? கல்யாணமாகாமல் நூலகர் ஆகிவிட்டாளாம்! மூக்குக்கண்ணாடியும் தொப்பியுமாக நூலகத்தைப் பூட்டிவிட்டு வருகிறாள். ஜார்ஜ் நெருங்கியதும் அலறிக்கொண்டு ஓடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சீரழிந்த ஊரிலும் ஒரு நூலகத்தைத் திறந்து வைத்திருந்தவள் அவள்தானே! அதைப் படத்தில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

டிசம்பர் 24

1967-இல் வந்த பேட்கேர்ள் காமிக்ஸ். பார்பரா கார்டன் பகலில் நூலகர், இரவில் முகமூடி வீராங்கனை. சிறுவயதில் கொண்டாடியிருக்கிறேன். இப்போது இடிக்கிறது. நூலகரை யார் சந்தேகப்படுவார்கள் என்பதுதானே அந்த வேஷத்தின் பலம்? நூலகர் என்றால் வெறும் சாது என்ற பழைய எண்ணத்தை இது உடைக்கவில்லை, அதை நம்பித்தான் பிழைக்கிறது.

டிசம்பர் 27

‘தி மம்மி’ (1999). இதை மனதாரப் பாராட்டுவேன். தான் வரும் முதல் காட்சியில் ஏணியில் தடுமாறி அத்தனை அலமாரிகளையும் சரித்துவிடும் ஈவ்லின், பிறகு பாலைவனத்தில் கொஞ்சம் குடித்துவிட்டு, “நான் ஒரு நூலகர்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாள். வழக்கம்போலக் கண்ணாடியும் கொண்டையும் காணாமல் போகின்றன, அது போகட்டும். மம்மியை எழுப்பியது அவள் வாசிப்பு. கடைசியில் அதன் சாகாவரத்தைப் பறிப்பதும் அவள் வாசிக்கும் மந்திரம்தான். துப்பாக்கிக்கு அங்கே வேலையே இல்லை. படித்த படிப்பே அவளுக்கு ஆயுதம்.

டிசம்பர் 29

‘ஸ்டார்ம் சென்டர்’ (1956). கம்யூனிசம் பற்றிய நூல் ஒன்றை நீக்க மறுத்து வேலையை இழக்கும் நூலகராக பெட்டி டேவிஸ். இந்தக் கதைக்கு வித்து, ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில் ஊர் நூலகர் ரூத் பிரவுன். அங்கே முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். 1950-இல் கருப்பினப் பெண்கள் இருவரை அழைத்துக்கொண்டு ஒரு கடைக்குச் சாப்பிடப் போனார். அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். சில மாதங்களில், நூலகத்தில் கம்யூனிசச் சார்புப் பத்திரிகைகள் வைத்திருப்பதாகக் குற்றம்சாட்டி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். புத்தகத்துக்காக நடந்த போராட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டது. சம உரிமைக்காக நடந்ததை விட்டுவிட்டது. ரூத் பிரவுன் கதையை, அவர் பெயரிலேயே, அந்தக் கடைவாசலிலிருந்து தொடங்கி யாராவது படமாக்க வேண்டும். முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.