பல்லிக்காரனின் லண்டன் குளிர்காலம்

அக்டோபர் 8, 2022, சனி

வெட்டுக்கிளி வாங்கப் போனேன். ஹாரோவில் இரைப்பூச்சி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே சிள்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கும். எனக்கு முன்னால் நின்ற அம்மா உறைந்த எலி கேட்டுக்கொண்டிருந்தார், நடுத்தர அளவில் பத்து. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். "கடையில இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்ததும் அவர் திரும்பினார். "தமிழோ?"

தமிழ்தான், திருநெல்வேலி. அவர் பருத்தித்துறை. இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல், நர்ஸ் வேலை. அடுத்து விசா, வாடகை என்று பேச்சு போகும் என்று நினைத்தேன். "என்ன வச்சிருக்கிறீங்கள் தம்பி?" என்றார்.

லெப்பர்ட் கெக்கோ, சிறுத்தைப் பல்லி. பெயர் சொக்கன். அவரிடம் இருப்பது கார்ன் ஸ்நேக். நாலரை அடி, ஒன்பது வயது, பெயர் நூடுல்ஸ். மகன் சின்னவனாக இருந்தபோது அழுது அடம்பிடித்து வாங்கியது. மகன் மான்செஸ்டருக்குப் படிக்கப் போய்விட்டான், பாம்பு அம்மாவிடம் தங்கிவிட்டது. கார்ன் ஸ்நேக் பதினைந்து இருபது வருடம் இருக்கும் என்று கடைக்காரர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். கேட்க ஆளில்லை. இந்த ஊரில் பாம்பு பல்லி வளர்ப்பவர்களில் பாதிப்பேர் இப்படி மாட்டிக்கொண்ட அம்மாக்கள்தான் என்பது என் கணிப்பு.

"முதல் ரெண்டு வருசம் அந்த அறைக்குள்ளயே போகமாட்டன். இப்ப நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா முதல்ல அவரைத்தான் பார்க்கிறது." பாம்பை 'அவர்' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 16, ஞாயிறு

வளர்ப்பவர்கள் கூடும் சின்னக் கூட்டத்துக்கு நர்ஸ் அக்காவையும் அழைத்துப் போனேன். டீ, பிஸ்கட், மடக்கு நாற்காலிகள். இங்கே ஆளோடு ஆள் அறிமுகமாகும் முறையே தனி. பெயர் கேட்கும் முன் எத்தனை டிகிரி வைக்கிறாய் என்று கேட்பார்கள். அப்புறம் எடை எவ்வளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, வெளிக்குப் போனதா. இரண்டாவது டீயில்தான் பெயர்.

இன்றைக்கு எல்லாரும் பேசியது கரண்ட் பில். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அரசாங்கம் உச்சவரம்பு வைத்தும் யூனிட் 34 பென்ஸ். போன குளிர்காலத்தில் 21 பென்ஸ் பக்கம் இருந்தது. பியர்டட் டிராகன் என்ற பெரிய பல்லி வைத்திருக்கும் டாக்ஸி டிரைவர் ஒரு சீட்டில் கணக்குப் போட்டே கொண்டுவந்திருந்தார். அது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி, வெயில் காயும் கல் 40 டிகிரியாவது இருக்க வேண்டும். 100 வாட் பல்பு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 41 பென்ஸ். புற ஊதாக் குழல் விளக்கு தனி. சொக்கனுக்கு நான் வைத்திருப்பது 16 வாட் ஹீட் மேட், அடியில் விரிக்கும் சூட்டுப் பாய். இடைவிடாமல் ஓடினாலும் 13 பென்ஸ், நடுவில் தெர்மோஸ்டாட் இருப்பதால் அவ்வளவும் ஆகாது. இதைச் சொன்னதும் பணக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கண்ணாடித் தொட்டியைவிட மரப்பெட்டியில் சூடு நிற்கும், பின்பக்கம் தெர்மோகோல் ஒட்டினால் இன்னும் நிற்கும் என்று ஒருவர் சொல்ல, பாதிப்பேர் குறித்துக்கொண்டார்கள்.

டிரைவருக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். தன் டிராகன் தன்னைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டி வணக்கம் சொல்கிறது என்கிறார். அது 'நான் உனக்கு அடங்கியவன், என்னை விட்டுவிடு' என்று பெரிய பிராணியிடம் காட்டும் சைகை. சொன்னேன். "இருக்கட்டுமே, வேறு யாருக்கும் அப்படிச் செய்வதில்லை" என்றார். சரி. என் கட்சி இதுதான்: ஊர்வன நம்மை நேசிப்பதில்லை, நம் கைச்சூட்டை நேசிக்கின்றன. அக்கா இரண்டு பக்கமும் சேரவில்லை. "என்ர மனுசனும் அப்பிடித்தான்" என்று பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. லீவு கிடைக்கவில்லை. ராத்திரி வீடியோ கால்.

அம்மாவுக்கு சொக்கன் விஷயம் இன்னும் ஜீரணமாகவில்லை. "ஏல, சுவத்துல சும்மா ஓடுறதைப் போய் காசு குடுத்தா வாங்குன?" இது சுவரில் ஓடாது, பாதத்தில் ஒட்டும் பட்டை கிடையாது, வெறும் நகம்தான் என்று கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன். அப்படியென்றால் தலையில் விழாதே என்றாள். விழாது. பஞ்சாங்கத்தில் தலைக்கொரு பலன் தோளுக்கொரு பலன் என்று போட்டிருப்பதெல்லாம் இவனிடம் செல்லாது. அந்த நேரம் பார்த்து சொக்கன் கண்ணை மூடித் திறந்தான். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இவனுக்கு உண்டு. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மனுசன் மாதிரில்லா முழிக்கான்" என்றாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்ட கதையை மறுபடி சொல்லிவிட்டு வைத்தாள்.

நவம்பர் 6, ஞாயிறு

நேற்று ராத்திரி முழுக்க வாணவேடிக்கை. நாய் வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரர்கள் தூங்கவில்லை. சொக்கன் அசையவே இல்லை, நூடுல்ஸும் அப்படியே என்று அக்காவிடமிருந்து செய்தி.

நவம்பர் 20, ஞாயிறு

எதிர்வீட்டு ஆங்கிலேயப் பாட்டி ஆமை வைத்திருப்பது எனக்குத் தெரியும். கோடையில் தோட்டத்தில் சிறுகீரை மேய்வதைப் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜுக்குள்.

அதற்கென்றே ஒரு தனி ஃபிரிட்ஜ். சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் முறையோடுதான் செய்கிறார். மூன்று வாரமாக உணவு நிறுத்தம், வயிற்றில் எதுவும் மிஞ்சினால் உள்ளே அழுகிவிடும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். அப்புறம் மண் நிரப்பிய, துளை போட்ட பெட்டி. ஃபிரிட்ஜ் 5 டிகிரியில் நிற்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் போய்விடும், 10ஐத் தாண்டினால் விழித்துக்கொண்டு, தின்னவும் வழியில்லாமல் சேமிப்பைக் கரைக்கும். சூடு ஏறி இறங்காமலிருக்கத் தட்டுகளில் தண்ணீர் பாட்டில்கள். தினம் ஒரு முறை கதவைத் திறந்து மூடினால் காற்று மாறும். வாரம் ஒரு முறை எடை. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று குறையலாம், மேலே போனால் எழுப்பிவிட வேண்டும்.

இன்றைய எடை 1,910 கிராம். பென்சிலால் நோட்டில் எழுதினார். அந்த நோட்டில் 1980களின் எடைகள்கூட இருக்கின்றன. பெயர் ஜார்ஜ். 1967இல் பாட்டியின் அப்பா செல்லப்பிராணிக் கடையில் சில ஷில்லிங்குக்கு வாங்கியது. அப்போது மத்தியதரைக் கடல் ஓரத்திலிருந்து ஆமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கியிருக்கிறார்கள், பெரும்பாலானவை முதல் குளிரிலேயே செத்துப்போனவை. அந்த வியாபாரத்துக்கு 1984இல்தான் தடை வந்தது.

டிசம்பர் 4, ஞாயிறு

பாட்டி வீட்டில் டீ, அக்காவும் வந்திருந்தார். பேச்சு முழுக்க ஜொனாதன். செயின்ட் ஹெலினா தீவில் இருக்கும் ராட்சத ஆமைக்கு 190ஆவது பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்பது கணிப்பு. 1882இல் சீஷெல்ஸிலிருந்து அங்கே கொண்டுவந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததாம். இப்போது கண் தெரியாது, மோப்பமும் இல்லை, காய்கறியைக் கையால் ஊட்டுகிறார்கள். "எங்கட வார்டில பாதிப்பேருக்கு அப்பிடித்தான்" என்றார் அக்கா.

பாட்டிக்குப் பிடித்த ஆமை வேறு. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், அத்தை இறந்ததும் 1780இல் வீட்டுக்குக் கொண்டுவந்த டிமோதி. எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது, என்ன எடை என்று கில்பர்ட் வைட் குறித்து வைத்தார். ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் சோதித்தபோது டிமோதி பெண் என்று தெரிந்தது. அப்படியே குரலைத் தாழ்த்தி, ஜார்ஜும் 1991இல் தோட்டத்தில் முட்டை போட்டது, பெயரை மாற்றவில்லை என்றார்.

டிசம்பர் 12, திங்கள்

ராத்திரி பனி கொட்டியிருக்கிறது. ரயில் இல்லை. சொக்கனின் குளிர்ந்த மூலை 19 டிகிரி. ராத்திரிக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

டிசம்பர் 17, சனி

பாம்பைக் காணோம்.

வியாழக்கிழமை இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம். அக்கா காலையிலிருந்து வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், பாம்புப் பெட்டியின் நகர்த்தும் கண்ணாடி ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது. லீவுக்கு வந்த மகன், நண்பர்களுக்குக் காட்டிவிட்டு ஆப்பு செருக மறந்திருக்கிறான். கார்ன் ஸ்நேக்குக்கு விஷம் கிடையாது, அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தில்லை. ஆனால் வெளியே மைனஸ் டிகிரி. பாம்புக்குத்தான் ஆபத்து.

நேற்று ராத்திரி நான் போனபோது சோபா கவிழ்ந்து கிடந்தது, வாஷிங் மெஷின் நடு சமையலறையில் நின்றது. தேடுவதைவிட அது நகர்வதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு அறை வாசலிலும் கோதுமை மாவைத் தூவினோம். மார்கழி முதல் நாள் ராத்திரி, லண்டனில், கோலம் போடுவதுபோல் குனிந்து குனிந்து மாவு போட்டது ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மகன் வாயைத் திறக்காமல் மாவு சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவும் அவனோடு பேசவில்லை. என்னோடு மட்டும் பேசினார், அவன் காதில் விழும்படி.

காலை ஐந்தரைக்கு போன். மாடி வாசலில் மாவில் வளைந்த கோடு, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் போகிறது. துண்டுகளின் அடுக்கில், மூன்றாவது துண்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. மேலெல்லாம் மாவு. "வீட்டிலயே சூடான இடம் அதுதான் தம்பி. எனக்குத்தான் யோசிக்கத் தெரியேல்லை." பின்னணியில் மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார். இருபதாம் தேதி மறுபடி வேலைநிறுத்தம். கண்ணாடிக்குப் பூட்டு வாங்கியாகிவிட்டது.

ஜனவரி 15, 2023, ஞாயிறு

பொங்கல். குக்கர் பொங்கல்தான்.

சொக்கன் தோல் உரித்தான். நேற்றே நிறம் மங்கி வெளுத்திருந்தது. கல்லில் மூக்கைத் தேய்த்து உதட்டோரம் கிழித்தான், அப்புறம் வாயால் கவ்விக் கவ்வி இழுத்து, உரித்ததை உரிக்க உரிக்க விழுங்கிவிட்டான். சத்தை வீணாக்குவதில்லை. நான் பார்க்க வேண்டியது விரல் நுனிகளை மட்டும். அங்கே பழைய தோல் வளையமாக ஒட்டிக்கொண்டால் காய்ந்து இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே போய்விடும். ஈரப் பாசி போட்ட டப்பாவில் கொஞ்ச நேரம் விட்டு, பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். டார்ச்சை ஒரு காதுப் பக்கம் பிடித்தால் மறு காதில் வெளிச்சம் வருகிறது. இரண்டு காதுக்கும் நடுவே வெற்றிடம்தான். எடை 62 கிராம், வாலில் கொழுப்பு நன்றாக இருக்கிறது. படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு சர்க்கரைப் பொங்கல் படம், பக்கத்தில் நூடுல்ஸ்.

பிப்ரவரி 25, சனி

ஜார்ஜை எடுத்தோம். 1,850 கிராம், கணக்குக்குள்தான். பெட்டியை ஹாலில் வைத்து இரண்டு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பாட்டி குறுக்கெழுத்துப் போட்டார், நான் போனைப் பார்த்தேன். முதலில் ஒரு பின்னங்கால். அப்புறம் தலை, கண் பாதி மூடியபடி. வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கியதும் கழுத்தை நீட்டிக் குடிக்க ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. குடித்தால் பாதிக் கவலை போயிற்று என்றார் பாட்டி. தின்பது இரண்டு நாள் கழித்துக்கூட இருக்கலாம்.

மார்ச் 12, ஞாயிறு

பாட்டி எங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லி விஷயத்துக்கு வந்தார். அவருக்கு 74. ஜார்ஜ் இன்னும் இருபது முப்பது வருடம் இருக்கலாம். பிள்ளைகள் இல்லை, அண்ணன் மகனுக்கு ஆமை பிடிக்காது. விற்பதென்றால் சான்றிதழ் வேண்டும், சும்மா கொடுப்பதற்கு வேண்டாம். உயிலில் யார் பெயரை எழுதுவது?

எனக்கு விசா அடுத்த வருடம் முடிகிறது. அதற்குப் பிறகு சொக்கன் எங்கே என்பதற்கே என்னிடம் பதில் இல்லை. சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, என்ன தின்னும், டாக்டர் செலவு எவ்வளவு, கடிக்குமா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "சரி, ஆனா ஃபிரிட்ஜும் சேர்த்துத் தரவேணும்" என்றார்.

அம்மாவிடம் போனில் சொன்னால் பதறிவிட்டாள். ஆமை புகுந்த வீடு உருப்படாதாம், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு என்றாள். அக்காவிடம் அப்படியே சொன்னேன். "பாம்பு புகுந்தே ஒண்டும் ஆகேல்லை" என்றார். சொக்கனையும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வாராம், வெட்டுக்கிளியை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டாராம். சாப்பாட்டை மீல்வார்ம் புழுவுக்கு மாற்றிப் பழக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அவர் கராஜில் பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போகிறேன், தெர்மோமீட்டரும் அளவு நாடாவும் கொண்டுவரச் சொன்னார்.